டெமோக்காரர் வாங்கிய ரொட்டி மெஷின்

செருப்பு விற்பவர் வெறுங்காலோடு நடந்தால் ஊர் சிரிக்கும். பல் வைத்தியர் பொக்கை வாயோடு வந்தால் கேட்கவே வேண்டாம். ஆனால் ஆயுசில் பாதியை ரொட்டி மெஷின் விற்றே கழித்த ஒருவர் வீட்டில் ஒரு ரொட்டி மெஷின்கூடக் கிடையாது என்பது மட்டும் அவர் வேலையில் இருந்தவரை யாருக்கும் தெரியாமலே போனது. யாரும் கேட்கவில்லை. அவரும் வாயைத் திறக்கவில்லை. மற்ற எல்லா விஷயத்துக்கும் திறந்த வாய் அது.

கடையில் அவருக்குப் பெயர் டெமோக்காரர். வீட்டுச் சாமான்கள் விற்கிற பெரிய கடை. உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன மேடை, மேடைமேல் வெள்ளைத் துணி விரித்த மேஜை, மேஜைக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையில் இவர். காய் நறுக்குகிற மெஷினும் விற்றார், தரை துடைக்கிற மெஷினும் விற்றார். என்றாலும் அவருடைய கொடி உயரப் பறந்தது ரொட்டி மெஷினில்தான். கூடையில் ஒரு சோப்பு மட்டும் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர்களைக்கூட ரொட்டி மெஷினோடு அனுப்பிவைத்திருக்கிறார். அதில் இரண்டு பேர் சோப்பை மேடையிலேயே மறந்துவிட்டுப் போனார்கள்.

தொழில் ரகசியம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. மேஜைமேல் இரண்டு மெஷின்கள் இருக்கும். முதல் மெஷினில் எல்லோரும் பார்க்கத் தண்ணீர், மாவு, உப்பு, ஈஸ்ட் என்று வரிசையாகப் போடுவார். மூடியைச் சாத்துவார். ஒரு பொத்தானை, பியானோ வாசிக்கிறவரைப் போல விரலை உயர்த்தி, அழுத்துவார். பிறகு, "மூணு மணி நேரம் கழிச்சு!" என்று குரலை ஏற்றி, இரண்டாவது மெஷினின் மூடியைத் திறப்பார். உள்ளே பொன் நிறத்தில், தலை உப்பி, ஒரு ரொட்டி உட்கார்ந்திருக்கும். அந்த வாசனைக்குக் கூட்டம் ஒரு அடி முன்னால் நகரும். அத்தோடு வியாபாரம் முடிந்தது.

அந்த ரொட்டி எந்த மெஷினிலும் வெந்ததல்ல. அவர் மனைவி வீட்டில் கையால் பிசைந்து, ஓவனில் சுட்டது. மெஷினுக்குள் இருக்கிற பாத்திரத்தை முதல் நாளே வீட்டுக்கு எடுத்துவந்துவிடுவார். அதிலேயே சுட்டால்தானே வடிவம் ஒத்துப்போகும்? மெஷின் ரொட்டிக்கு அடியில் ஒரு ஓட்டை விழும், பிசைகிற துடுப்பு மாட்டியிருந்த இடம். அந்த அம்மாள் அதையும் விட்டுவைக்கவில்லை. கரண்டிக் காம்பால் ஒரு குத்து. அச்சு அசலாக ஓட்டை. "ஓட்டைய மட்டும் மெஷின் போட்டிருந்தா எனக்கு அந்த வேலையாவது மிச்சம்" என்பாள்.

காலையில் அந்த ரொட்டியை இரண்டு துண்டுகளில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு அவர் பஸ்ஸில் போவார். பஸ் முழுக்க மணக்கும். தூங்கிக்கொண்டிருப்பவர்கள் மூக்கை மட்டும் எழுப்பிக்கொள்வார்கள். ஒரு கண்டக்டர் தினமும் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் நிற்பார். டெமோக்காரர் துண்டின் ஓரத்தைச் சற்றே விலக்கிக் காட்டுவார். அது இரண்டு பேருக்குள் இருந்த ஏற்பாடு.

ஒரே ஒரு முறை அவர் மனைவி கடைக்கு வந்து, சொல்லாமல், கூட்டத்தின் பின்னால் நின்று பார்த்தாள். மூடி திறந்தபோது பக்கத்திலிருந்த பெண், "என்ன வாசனை பாருங்க!" என்று அவள் முழங்கையைப் பிடித்தாளாம். இவள் என்ன செய்வாள்? எல்லோரும் கைதட்டினார்கள், இவளும் தட்டினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "நல்லா நடிக்கறீங்க" என்றாள். அவர், "நடிச்சது நான், படம் ஓடினது உன்னால" என்றார். அந்த வீட்டில் கொஞ்சல் என்றால் அவ்வளவுதான்.

அதெல்லாம் அப்போது. டெமோக்காரர் ஓய்வு பெற்றார். மேடை போனது, மேஜை போனது, இஸ்திரி போட்ட சட்டை மட்டும் வீட்டுக்கு வந்தது. ஆனாலும் காலையில் ரொட்டி நிற்கவில்லை. இப்போது ஓட்டை போடாத ரொட்டி. இரண்டு பேரும் அடுப்படி மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவார்கள். முனைத் துண்டு யாருக்கு என்பதில் மட்டும் தினமும் ஒரு சின்னச் சண்டை.

பிறகு அவள் கட்டைவிரல் மூட்டில் வலி வந்தது. முதலில் டப்பா மூடி திறக்க முடியவில்லை. அப்புறம் சாவி திருக முடியவில்லை. டாக்டர் விரலை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "துணி பிழியறது, மாவு பிசையறது ரெண்டையும் நிறுத்திடுங்க" என்றார். துணி பிழிவதை அவள் அன்று சாயந்திரமே சந்தோஷமாக நிறுத்திவிட்டாள். மாவு பிசைவதை நிறுத்தியபோது ஓவன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடினாள்.

டெமோக்காரர் கடையில் ரொட்டி வாங்கிவந்தார். அவள் ஒரு வாய் மென்றாள். "தலையணையைக் கிழிச்சு வாயில வெச்ச மாதிரி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிட்டாள். வேறு கடை, வேறு ரொட்டி. தட்டு தள்ளப்பட்டது. பிறகு அவள் காலையில் எதுவும் சாப்பிடுவதையே விட்டுவிட்டாள். டீயைக் குடித்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். அவள் ரவிக்கை தோளில் தொளதொளக்க ஆரம்பித்தது. கல்லையும் பேசிக் கரைக்கிற டெமோக்காரருக்கு, எதிரே காலியாக இருக்கிற ஒரு தட்டை என்ன சொல்லி நிரப்புவதென்று தெரியவில்லை.

ஒருநாள் அவளே ஆரம்பித்தாள்.

"என்னங்க, ஊருக்கெல்லாம் மெஷின் வித்தீங்களே. அதுல எதுங்க சுலபமானது?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "எதும்மா நல்லா இருக்கும்?" என்று திருப்பிக் கேட்டார்.

"என்னைக் கேக்கறீங்களா? வித்தது நீங்களா, நானா?"

"வித்தது நான். சுட்டது நீ."

"சரி, இனிமே நீங்க சுடுங்க. நான் சாப்பிடறேன். புதுசா கத்துக்கறவங்களுக்கு ஒத்து வர்ற மாதிரி ஒண்ணு வாங்குவோம். என் வாயில இறங்கற மாதிரி ஒரு ரொட்டி வந்துதுன்னா மெஷின் இருக்கட்டும். வரலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க. அப்புறம் இந்த வீட்ல ரொட்டிப் பேச்சே வேணாம். சொல்லிட்டேன்."

செய்தி அவள் தம்பி காதுக்குப் போனது. அந்த மைத்துனர் டெமோக்காரரின் பேச்சில் மயங்கி, கல்யாணமான புதிதில், இருப்பதிலேயே பெரிய மெஷினாக வாங்கியவர். போன் செய்து சிரிசிரி என்று சிரித்தார்.

"அத்தான், புதுசு எதுக்கு? என்னுதை எடுத்துட்டுப் போங்க. ஷூ பாலிஷ் டப்பா, பிரஷ் எல்லாம் அதுக்குள்ளதான் வெச்சிருக்கேன். நீங்க சொன்ன பதினெட்டு புரோகிராம்ல அதுதான் ஒழுங்கா வேலை செய்யுது!"

"ஏன் மாப்ளே, ரொட்டியே வரலையா?"

"வந்துது அத்தான். காத்துல கதவு அடிச்சுக்கும்ல, அதுக்கு முட்டுக் குடுத்தோம். இன்னி வரைக்கும் கதவு அசையல."

டெமோக்காரர், மைத்துனருக்குச் சமையல் கை இல்லை என்று மனசுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டு, மனைவியோடு தன் பழைய கடைக்கே போனார்.

கடை மாறியிருந்தது. மேடை இருந்தது, ஆனால் சக்கரம் வைத்த மேடை. மேஜைக்குப் பின்னால் ஒரு இளம்பெண், காதோரம் மைக்கோடு, ரொட்டி மெஷினுக்குத்தான் டெமோ செய்துகொண்டிருந்தாள். இரண்டு மெஷின்கள். தண்ணீர், மாவு, உப்பு, ஈஸ்ட். மூடி. பொத்தான். "மூணு மணி நேரம் கழிச்சு..." என்று அவள் சொன்னபோது டெமோக்காரருக்கு மூக்கு வியர்த்தது. குரல் ஏறவேண்டிய இடத்தில் ஏறவில்லை. கூட்டத்தில் ஒருவர் போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். இன்னொருவர் நகரப் பார்த்தார்.

நகர்கிற வாடிக்கையாளரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அந்த உடம்புக்குப் பழக்கமில்லை. "அம்மாடி, ஒரு நிமிஷம்" என்று மேடை ஏறிவிட்டார்.

"ஐயா, உங்க வீட்ல காலைல உங்களை யாரு எழுப்பறாங்க? அலாரம்! நாளையிலிருந்து வாசனை எழுப்பட்டும்..." என்று எடுத்துவிட்டார் பாருங்கள். போன் பாக்கெட்டுக்குள் போனது. நகர்ந்தவர் திரும்பி வந்தார். பின்னால் போனவர்கள் முன்னால் வந்தார்கள். டெமோக்காரர் முதல் மெஷின் மூடியைத் திறந்து, "இந்தாங்க பாருங்க, பிசையுது!" என்று காட்டினார். புதிதாக ஒருவர் வந்ததும் மறுபடி திறந்து, "நீங்க பாக்கலையே, பாருங்க!" என்றார். ஒரு தம்பதி பதினெட்டு பொத்தான் வைத்த பெரிய மெஷினைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார்கள்.

டெமோ செய்துகொண்டிருந்த பெண் மேடையை விட்டு இறங்கி, நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் வந்தாள்.

"உங்க வீட்டுக்காரரா?"

"ஆமா. வெளிய கூட்டிட்டு வந்தா இப்படித்தான். உனக்கு ஏதும் வேலைக்குக் கெடுதல் வந்துடாதே?"

"கெடுதலா? இன்னிக்கு வித்ததே இவர்தான். நீங்க என்ன பாக்கறீங்க?"

"அவருக்கு ஒரு மெஷின். ரொட்டிபத்தி அவருக்கு ஒண்ணுமே தெரியாது."

பெண் மேடையைப் பார்த்தாள். அங்கே டெமோக்காரர் ஈஸ்டின் குணநலன்களைப் பற்றிச் சொற்பொழிவாற்றிக்கொண்டிருந்தார். "இவருக்கா?" என்றாள்.

"அவருக்குத்தான்."

இரண்டு பேரும் அலமாரிப் பக்கம் போனார்கள். அம்மாள் மெஷின்களைப் பெண் பார்க்க வந்தவளைப் போலப் பார்த்தாள். ஒவ்வொரு மூடியையும் வலியில்லாத விரலால் நெம்பிப் பார்த்தாள். பாத்திரம் திருகி எடுக்கிறதா, அப்படியே மேலே தூக்கினால் வருகிறதா? துடுப்பு ரொட்டியோடு ஒட்டிக்கொண்டு பிடிவாதம் பிடிக்குமா? பெரிய ரொட்டி மட்டும்தானா, இரண்டு பேருக்கு அளவாகச் சின்னதும் வருமா? பிசையும்போது மேஜையிலிருந்து நடந்தே போய்விடுமா?

"இதுல ஜாம்கூட செய்யலாம்மா" என்று பெண் ஒரு பெரிய மெஷினைத் தட்டினாள். தொழில் பழக்கம்.

"அவரு ரொட்டி செஞ்சாப் போதும். பட்டன் கம்மியா எது?"

கடைசி வரிசையில், விளம்பர அட்டைகூட இல்லாமல், ஒரு குட்டை மெஷின் இருந்தது. மூன்றே பொத்தான். மூடியில் வட்டமாக ஒரு கண்ணாடி. பெண் குரலைத் தாழ்த்தி, "நாங்க யாரும் இதை டெமோ பண்றதில்ல. சொல்றதுக்கு ஒண்ணுமே இல்ல இதுல. எங்க வீட்ல இருக்கறது இதுதான்" என்றாள்.

"இதையே குடு" என்றாள் அம்மாள்.

டெமோக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்து பார்த்தபோது பில் போட்டாகிவிட்டது. முகம் சுருங்கிவிட்டது அவருக்கு. "என்னம்மா, மொட்டையா இருக்கு? மூணு பட்டனை வெச்சுக்கிட்டு நான் என்ன பேசறது?"

"பேச வேணாம்னுதான்."

மறுநாள் காலை அடுப்படி மேஜையில் முதல் முயற்சி. அளந்து போட்டார், குறை சொல்ல முடியாது. தண்ணீர் முதலில், மாவு அதன்மேல், உப்பு ஓரத்தில், ஈஸ்ட் நனையாமல் நடுவில். பொத்தானை அதே பியானோ விரலால் அழுத்தினார். மெஷின் உறுமியது. கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. மூடியைத் திறந்தார். மூடினார். எதிர் வீட்டுக்காரர் எதற்கோ வந்தார், அவருக்குத் திறந்து காட்டினார். தபால்காரர் வந்தார், அவருக்கும். யாருமே வராதபோது தனக்கே காட்டிக்கொண்டார்.

கடைசியில் வெளியே வந்தது, நடுவில் குழி விழுந்து, யாரோ உட்கார்ந்து எழுந்த மெத்தை மாதிரி இருந்தது. அவள் ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். விரல் போன இடம் போனபடியே நின்றது. தட்டை நகர்த்திவிட்டு ஜன்னலோரம் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மறுநாளும் அதே குழி, இன்னும் ஆழமாக.

"மெஷின் சரியில்லம்மா" என்றார். "அந்தக் காலத்திலயும் இதே கதைதான். முதல் மெஷின்ல போட்டது என்னிக்காவது உருப்படியா வந்திருக்கா? கோடவுன்ல மூட்டை தூக்கறவங்ககூடத் தொட மாட்டாங்க. செங்கல்னு பேரே வெச்சுட்டாங்க. அதனாலதானே உன் ரொட்டி."

அவள் ஜன்னலிலிருந்து திரும்பினாள். "அன்னிக்கு முதல் மெஷின் மூடியை எத்தனை தடவை திறப்பீங்க?"

"கூட்டம் வரும்போதெல்லாம். அதுதானே டெமோ?"

"பொங்கற மாவுமேல குளிர் காத்து பட்டா அமுங்காம என்ன பண்ணும்? என் ஓவனை நான் நடுவுல திறந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் பார்த்ததில்லை. அவர் எழுந்திருக்கும்போது ரொட்டி துண்டில் சுற்றித் தயாராக இருக்கும். போனை எடுத்து மைத்துனரைக் கூப்பிட்டார்.

"மாப்ளே, நீ ரொட்டி போட்டப்போ நடுவுல மூடியத் திறந்தியா?"

"திறக்காம? நீங்கதானே அத்தான் மேடையில நின்னுக்கிட்டுத் திறந்து திறந்து காட்டினீங்க. நீங்க எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே செஞ்சேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை. வீட்ல எல்லாரும் வரிசையா வந்து பாத்தோம்."

டெமோக்காரர் போனைக் கீழே வைத்தார். ஊரில் எத்தனை வீட்டு மேஜையில் எத்தனை மூடிகள் திறந்து மூடினவோ. எத்தனை கதவுகளுக்கு முட்டுக் கிடைத்ததோ. மெஷினை விற்றதோடு நிற்காமல், மெஷினைக் கெடுக்கிற வித்தையையும் இலவச இணைப்பாக அல்லவா கொடுத்து அனுப்பியிருக்கிறார்! அவருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது. திருப்பிக் கொடுக்கக் கடை சொன்ன கெடு நாளையோடு முடிகிறது.

"நாளைக்கு ஒரு தடவை பாப்போம்" என்றார்.

"ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்காதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க ஆக்கவே பொறுக்க மாட்டீங்களே" என்றாள் அவள். ஆனால் மறுநாள் காலை, அவர் மாவை அளக்கும்போதே வந்து அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காவல்.

மெஷின் உறுமியது. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். உறுமல் நின்று அமைதியானது. அவர் கை தானாக முன்னால் வந்தது. அவள் பார்த்தாள். கை திரும்பிப் போனது.

"இப்ப என்ன நடக்குது உள்ள?"

"ஒண்ணும் நடக்கல. பொங்குது."

"நீ இந்த நேரத்துல என்ன பண்ணுவே? நாம முன்னாடி இருந்த வீட்ல?"

"அந்த அடுப்படி ஞாபகம் இருக்கா? ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் வெளிய போய்த்தான் திரும்பணும். மாவுமேல ஈரத்துணியப் போட்டுட்டு, காலைத் தூக்கி மாவு டப்பாமேல வெச்சுக்குவேன். பக்கத்து வீட்டு ரேடியோ சுவர் வழியா வரும். வார்த்தை புரியாது, குரல் மட்டும். நீங்க உள்ள குறட்டை விட்டுட்டு இருப்பீங்க."

"பாவம். தினம் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டு..."

"பாவமா? யாரு?" அவள் சிரித்தாள். "அந்த ஒரு நேரம்தாங்க யாரும் என்னை எதுவும் கேக்க மாட்டாங்க. தண்ணி எங்க, சாக்ஸ் எங்கன்னு நீங்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி. கை வலிச்சாலும் எந்திரிச்சது ரொட்டிக்காகன்னா நெனைச்சீங்க? மாவு பொங்கற வரைக்கும் உட்கார்றதுக்குத்தான்."

டெமோக்காரர் இத்தனை வருஷமும் குரலை ஏற்றி ஒரே மூச்சில் தாண்டிப்போன மூன்று மணி நேரம் அது. அதற்குள் ஒரு ஸ்டூலும், ஒரு மாவு டப்பாவும், சுவருக்கு அந்தப் பக்கத்து ரேடியோவும், இவளும் இருந்திருக்கிறார்கள். அவருக்கு அந்தப் பழைய அடுப்படிக்குள் ஒருமுறை எட்டிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. எட்டிப் பார்த்திருந்தால் சாக்ஸ் எங்கே என்றுதான் கேட்டிருப்பார் என்பதும் தெரிந்தது.

"இப்ப நான் கூட உட்கார்ந்து கெடுக்கறேனா?"

"பேசாம இருந்தா கெடுக்கல."

அவர் பேசாமல் இருந்தார். எழுந்து போய் இன்னொரு ஸ்டூலைச் சத்தமில்லாமல் கொண்டுவந்து போட்டு, அவள் கால் வைத்துக்கொள்ள நகர்த்தினார். வாசலில் மணி அடித்தது. எதிர் வீட்டுக்காரராகத்தான் இருக்கும். இரண்டு பேரும் அசையவில்லை. மணி இன்னொரு முறை அடித்து ஓய்ந்தது. வெயில் மேஜை விளிம்பிலிருந்து தரைக்கு இறங்கியது. மெஷினின் பக்கவாட்டிலிருந்து மெதுவாக வாசனை கிளம்பியது. அந்தப் பழைய வாசனை இல்லை. அதற்குத் தூரத்துச் சொந்தம் என்று சொல்லலாம். அவள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்தாள்.

மெஷின் கூவியதும் அவள், "இப்பத் திறங்க" என்றாள்.

ரொட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனால் குழி இல்லை. அவர் அறுக்கப் போனார். ஆறட்டும் என்று தடுத்தாள். அதையும் பொறுத்துக்கொண்டார். பிறகு ஒரு துண்டை அறுத்து அவள் தட்டில் வைத்துவிட்டு, கூட்டத்தின் முகத்தைப் படித்தே பிழைத்த மனிதர், அவள் முகத்தைப் பார்க்காமல் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெல்லுகிற சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"உப்பு பத்தல" என்றாள். "மேல்தோல் தடிமனா இருக்கு. வாசனை பரவாயில்ல."

"அப்போ..." என்று அவர் மூலையிலிருந்த காலி அட்டைப்பெட்டியைப் பார்த்தார்.

"முனைத் துண்டு எங்க? அதை நீங்களே அமுக்கிட்டீங்களா?" என்று தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.